உதட்டில் நின்ற பேச்சு

தறிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு வாய் உண்டு, குரல் கிடையாது. நூறு தறிகள் ஒன்றாக ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் சத்தத்தை விழுங்கிவிட்டு உதட்டை மட்டும் அசைப்பார்கள். மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் பரம்பரையையே திட்டித் தீர்க்கலாம். அங்கே தறி ஓட்டிய அவளும் அவள் வீட்டுக்காரரும் கல்யாணம் பேசிக்கொண்டதே இரண்டு தறிகளுக்கு நடுவில், அந்த இரைச்சலில்தான்.

போகப்போக அவளுக்குக் காது சுத்தமாக அடைத்துப்போயிற்று. அதனால் அவர்களுக்குள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. வேலையிலிருந்து நின்ற பிறகும் அவர் உதட்டை அசைப்பார், அவள் பார்த்துக்கொள்வாள். பெரிய மகள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அன்றும், "போனா போகட்டும் விடு" என்று உதட்டால்தான் சொன்னார். ஆறு வருஷமாக அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை.

இப்போது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க். காலையிலிருந்து எதையோ சொல்கிறார். பிளாஸ்டிக் முழுக்க மூச்சின் ஆவி. உள்ளே உதடு அசைவது தெரிகிறதே தவிர, சொல் தெரியவில்லை.

"சிஸ்டர், உங்களுக்குக் காது கேக்குமே. கிட்டப் போய்க் கேட்டுச் சொல்லும்மா."

நர்ஸ் குனிந்து கேட்டாள். பிறகு அவளுக்குத் தெரியும்படி முகத்தைத் திருப்பினாள். "சத்தமே வரலையேம்மா. வெறும் வாய்தான் அசையுது."

"அட கடவுளே! ஏங்க, குரலெடுத்துப் பேசுங்க. அந்தப் பொண்ணுக்கு நம்ம தறிப் பேச்சு தெரியுமா?"

அவர் சரியென்று தலையாட்டினார். ஆட்டிவிட்டு, மறுபடியும் சத்தமில்லாமலே பேசினார். பெண்டாட்டி முகத்தைப் பார்த்தால் அவருக்குக் குரல் வராது. ஊறிப்போன பழக்கம்.

"எழுதிக் காட்டுவாரா?"

"நல்லா கேட்டே போ. கையெழுத்துக்கே கட்டைவிரல்தான்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டதும் நர்ஸ் மனமிரங்கி, "ஒரு நிமிஷம். அதுக்கு மேல கேக்காதீங்க" என்று மாஸ்கைத் தூக்கினாள்.

உதடு தெரிந்தது. "பெரியவகிட்ட..."

அதற்குள் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. நர்ஸ் அவசரமாக மூடிவிட்டாள். கண்ணை மூடியவர் பிறகு திறக்கவில்லை; கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றுவிட்டது.

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஜெபித்தாள். கடவுளுக்குக் குரலும் வேண்டாம், உதடும் வேண்டாம். நெஞ்சில் இருப்பது தானே போய்ச் சேர்ந்துவிடும். மனுஷருக்கு மனுஷர் அப்படியா? 'இன்னும் ரெண்டு வார்த்தைக்கு மூச்சு கொடுத்திருக்கக் கூடாதா சாமி?' என்று கேட்டாள்.

சாயங்காலம் பெரியவள் வந்தாள். தோள் பையை இறக்காமல் அப்பாவையே பார்த்தபடி நின்றாள். பிறகு அம்மாவுக்குப் புரிய நிதானமாக வாயசைத்தாள்.

"அப்பா என்னப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா?"

"'பெரியவகிட்ட'ன்னு ஆரம்பிச்சாருடி."

"அப்புறம்?"

வரச் சொல்லு என்று இருக்கலாம். வர வேண்டாம் என்றும் இருக்கலாம். ஒரு பொய் சொன்னால் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் வாய் மூடிக் கிடக்கிற மனுஷன் வாயில் தன் சொல்லைத் திணிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அவ்வளவுதான்டி தெரிஞ்சுது."

மகள் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். அழுகையில் உதடு கோணிப்போயிருந்தது. அதுவும் அவளுக்குப் புரியவில்லை.