நடுங்கிய நிலா

1972 ஜனவரி 22, சனிக்கிழமை, மாலை ஆறு நாற்பது. மேகமில்லாத குளிர். தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் கடைத்தெருவில் ஒருவர் நாலணாவுக்குத் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டினார். நான் அதைப் பார்க்கட்டும் என்று என் ஷிப்டுக்குத் தம்பி சுரங்கத்தில் இறங்கியிருந்தான்.

"இன்னாண்ணா, எப்பவும் பூமிக்குள்ளயே பாக்கறே. இன்னிக்கு மேல பாரு, போ" என்று சிரித்துவிட்டுப் போனான்.

நிலாவின் பள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினொன்றில் நிலா நடுங்கிக் கலைந்தது.

"யாருய்யா இடிச்சது? காசைத் திருப்பிக் குடு" என்றேன்.

"நான் தொடலைங்க. தரைதான் ஆடுச்சு" என்றவர் நாலணாவைத் திருப்பித் தந்தார்.

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். தெருவே சுரங்கத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கீழே பாறை வெடித்திருந்தது. தம்பியின் உடல் மூன்றாம் நாள்தான் மேலே வந்தது.

கணக்குப் பார்த்தால், அந்த நிலாவுக்கு எனக்கு ஒரு பைசாகூடச் செலவாகவில்லை.