பீன்ஸ் இலையோடு அத்திபெலேயிலிருந்து ஜெயநகருக்கு

சின்னி, நீ இல்லாமல் நான் தனியாகப் பெங்களூர் போய் ஜெயித்து வந்த கதை இது.

படிக்கிறவர்களுக்கு: சின்னி என் தங்கை. அத்திபெலேக்குப் பக்கத்தில் இருவரும் குத்தகை நிலத்தில் பீன்ஸ் போட்டோம். அவள் போனுக்கு விவசாய ஆலோசனை மெசேஜ் வரும். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. நான் ஐந்தாவதுதான், அதுவும் தமிழில். அவள்தான் படித்துச் சொல்வாள். 2008 சித்திரையில் காய்ச்சலில் போய்விட்டாள்.

ஆடியில் பீன்ஸ் இலையெல்லாம் மாவு தூவினதுபோல் வெளுத்தது. மெசேஜ் வந்தபடி இருந்தது. அவள் போனை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பாதிப் பாத்தி கருகிய பிறகுதான் புத்தி வந்தது. இந்த வெள்ளாமையும் போனால் நிலத்தை விட வேண்டியதுதான். அந்த மெசேஜ் அனுப்புகிற ஆபீஸின் விலாசத்தைப் போன் கடையில் வாங்கினேன்.

புதன்கிழமை காலை 6.40 பஸ். சில்க் போர்டு ஸ்டாப் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், பதினாறு ரூபாய். அங்கிருந்து ஜெயநகருக்கு ஆறு ரூபாய். பிறகு ஆட்டோ, பதினான்கு.

"இன்னாக்கா, பையில இன்னா, சீர்வரிசையா?" என்றார் டிரைவர்.

"நோய் புடிச்ச எலைப்பா."

"அப்போ ஆஸ்பத்திரிக்கு வுடவா?"

"போன் ஆபீஸ்தான் எங்களுக்கு ஆஸ்பத்திரி. ஓட்டு."

ஆபீஸில் இருந்த மேடம் தமிழ் பேசினார். போனை வாங்கிப் பார்த்தார். "சாம்பல் நோய்க்கு மருந்து சொல்லியிருக்கோமேம்மா. ஒம்போது நாளாச்சு!"

ஒன்பது நாளும் மருந்து என் மடியிலேயே இருந்திருக்கிறது.

"பேசுற மாதிரி அனுப்பக் கூடாதா மேடம்?"

"கன்னடத்துல பேசி அனுப்புறோம். தமிழ்ல இப்பதான் ரெடி பண்றோம், கேளுங்க." மெஷினைத் தட்டினார். 'நனையும் கந்தகத்தினை இலைவழித் தெளிப்பாக...' என்றது ஒரு குரல்.

"இதக் கேட்டா பீன்ஸே தூங்கிடும் மேடம்."

அவர் சிரித்துவிட்டார். "அப்போ நீங்களே சொல்லுங்க பாக்கலாம்."

மருந்து அளவைச் சொல்லிக்கொடுத்து மைக்கை நீட்டினார். கண்ணை மூடி, உனக்குச் சொல்வதாக நினைத்தேன். "இங்க பாரு சின்னி, எலை மேல மாவு மாதிரி இருந்தா, லிட்டர் தண்ணிக்கு ரெண்டு கிராம் நனையும் கந்தகம் கலந்து, வெயில் ஏறுறதுக்குள்ள ரெண்டு பக்கமும் நனைய அடி."

"பேரை எடுத்துடவா?" என்றேன்.

"வேணாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றார் மேடம்.

மறுநாள் விடியலில் மருந்தடித்தேன். இருபது நாளில் புதுத் துளிர் சுத்தமாக வந்தது. காய் மூட்டைகளை ஏற்றப் பஸ்ஸில் இடம் போதவில்லை! இப்போது மாதம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருகிறேன். நிலம் என் கையிலேயே இருக்கிறது.

போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள். இலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள், வாடினால் நோய் தெரியாது. படிக்க வராது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நான் நோட்டில் எழுதியதைப் பக்கத்து வீட்டு டீச்சர்தான் இங்கே இணையத்தில் ஏற்றியிருக்கிறார்.

தமிழில் அனுப்பத் தொடங்கிய முதல் நாள், நான் மைக்கில் பேசிய குரல் நம் வீட்டுக்கும் வந்தது, உன் போனில். எடுத்துக் காதில் வைத்தேன். உன் போனிலேயே உன்னைக் கூப்பிட்டேனே சின்னி, கேட்டுச்சா?