பிரைமர் வண்டியில் பெண் பார்க்கப் போனோம்

என் மச்சானிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டோடுதான் இருந்தான். சீசனில் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றுவான், அறுவடை சமயத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் மூட்டை, ஒன்றுமே இல்லாவிட்டால் துறைமுகத்து மீன் பெட்டி. அந்த மீன் தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்து வண்டியைத் தின்றுவிட்டன. கதவின் அடிப்பக்கத்தை விரலால் தட்டினால் துரு பொலபொலவென்று கொட்டும்.

2009 தை மாதத்தில் காடாம்புலியூரில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் வந்து சொன்னார். அதற்கு முன் பார்த்த இடமெல்லாம் பையனுக்கு நிரந்தர வேலை இல்லை என்று தட்டிப்போயிருந்தது. அவனுக்கோ முப்பது தாண்டிவிட்டது. இதுவும் போனால் அவன் இனிமேல் பெண் பார்க்கவே வரமாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிறவன். என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தரகர் வேறு, "மாப்பிள்ளைக்குச் சொந்த வண்டி, புதுசு மாதிரி இருக்கும்" என்று பெண் வீட்டில் அளந்துவிட்டு வந்திருந்தார். அந்த ஆள் வாயை எதைக் கொண்டு அடைப்பது? அந்த வண்டியிலேயே வருகிறோம் என்று நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

பட்டறையில் கேட்டால் மாசக் கடைசி வரைக்கும் நிறுத்த இடமில்லை என்றார்கள். உடனே மச்சான், நம் வாசலிலேயே நாமே பார்த்துக்கலாம் மாமா என்றான். எதற்கெடுத்தாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்வது அவன் பிறவிக் குணம். நான் சிதம்பரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், எனக்கும் டிங்கரிங் வேலைக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

துருவைச் சுரண்டச் சுரண்ட வண்டி குறைந்துகொண்டே போனது. ஓட்டை விழுந்த இடத்துக்கு மட்டும் வெளியில் கொண்டுபோய்த் தகடு வைத்துப் பற்றவைத்தோம். ஒடுங்கிய இடங்களை மரச் சுத்தியலால் உள்பக்கமிருந்து தட்டினோம். ஒரு பள்ளம் எழும்பினால் பக்கத்தில் ஒரு மேடு முளைக்கும். பிறகு பள்ளத்தை நிரப்பப் பட்டி வைக்கிற வேலை. அதில் கலக்கிற ஹார்டனர் கொஞ்சம் ஜாஸ்தியானாலும் தகட்டில் தடவுவதற்குள் கையிலேயே கல்லாகிவிடும். முதல் டப்பாவில் பாதி அப்படித்தான் வீணானது. நான் கத்தினேன், அவன் பதிலுக்குக் கத்தினான், என் மனைவி இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சத்தம் போட்டாள். பட்டி காய்ந்ததும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் கைக்குத் தெரிந்துவிடும். அது மட்டும் எனக்கு நன்றாக வந்தது, பெருமைக்குச் சொல்லவில்லை.

கண்ணாடிக்கெல்லாம் பழைய பேப்பர் ஒட்டி, வாடகைக்கு எடுத்த கம்ப்ரஸரை வைத்து முன்பக்கத்துக்கு, கலர் அடிப்பதற்கு முன் பூசுகிற சாம்பல் நிற பிரைமரை அடித்தோம். நடுவில் கரண்ட் போய் வேலை நின்றது. கரண்ட் வருகிற வரைக்கும் வாசலில் உட்கார்ந்து மின்வாரியத்தைத் திட்டினோம். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிதான் பாக்கி. மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மச்சானுக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. துறைமுகத்தில் மரப் படகுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயை அடிப்பார்கள், படகு இற்றுப்போகாது. வண்டித் தொட்டிக்கும் அதை அடித்தால் ஆயுசுக்கும் துருப்பிடிக்காது என்று முடிவு கட்டி, பண்ருட்டியிலிருந்து ஒரு கேன் வாங்கி வந்து, வெறுங்கையில் துணியை முக்கித் தொட்டி முழுக்கத் தேய்த்துவிட்டான். வேர்வையைத் துடைக்கிறேன் என்று அதே கையால் முகத்தையும் துடைத்திருக்கிறான். அந்த எண்ணெய் தோலைத் தின்னும் என்று படகுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் என் மச்சானே இல்லை.

அந்த எண்ணெய்மேல் அடித்த பிரைமர் காயவே இல்லை. தொட்டால் பிசுக்கென்று கையோடு வந்தது. அதைவிட மோசம், அவன் கை இரண்டும் முழங்கை வரை கொப்பளித்து, கன்னத்தில் ஒரு பக்கம் கறுத்துத் தோல் உரிய ஆரம்பித்தது. கடையிலிருந்து களிம்பு கொண்டுவந்து தடவினேன். எரிச்சல் குறைந்தது, கறுப்பு போகவில்லை. பெண் பார்க்கும் நாள் வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் ஏதோ தோல் வியாதி என்றுதான் நினைப்பார்கள் என்று என் மனைவி அழுதாள். அழுது முடித்து, தம்பிக்கு முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டு, கேட்டால் சுடுதண்ணி கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள். நாங்கள் மூவரும் முன் சீட்டில் நெருக்கியடித்து, பூ பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கலர் அடிக்க நேரமில்லாமல் சாம்பல் பூசிய மாதிரி இருந்த வண்டியில் போய்ச் சேர்ந்தோம். தரகர் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

பெண்ணின் அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. கொட்டை உடைக்கிற வேலை வீட்டிலேயே நடந்தது. பின்கட்டில் மூட்டைகள் கிடந்தன. வண்டியைப் பார்த்தவர் எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். பெண் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். மச்சான் டம்ளரை எடுக்கக் கையை நீட்டியதும் சட்டைக்கை மேலே ஏறிவிட்டது. கையில் என்ன என்று அப்பா கேட்டார். சுடுதண்ணி கொட்டிவிட்டது என்றாள் என் மனைவி. முகத்திலுமா என்றார் அவர். ஆவி அடித்துவிட்டது என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இந்தப் பொய்யை நாங்கள் எந்த ஊரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று. அந்த மனிதர் பிறந்ததிலிருந்து பார்க்கிற காயம் அது. அவர் முகம் அப்படியே மாறிப்போயிற்று. சரிங்க, தரகரிடம் சொல்லி அனுப்புறோம் என்று எழுந்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மச்சான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சுடுதண்ணி இல்லப்பா அது. கொட்ட எண்ண," என்றாள் பெண், கதவோரத்திலிருந்து. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. தரகருக்கு வாயில் போட்ட முறுக்கு இறங்கவில்லை. அவள் மச்சானையே பார்த்து, எதற்குத் தொட்டீங்க என்று கேட்டாள்.

மச்சான் எழுந்து நின்றான். "வண்டிக்குத் தடவுனங்க. தொட்டி துருப்புடிச்சுக் கெடந்துச்சு. நீங்கல்லாம் பாக்குறப்ப நல்லாருக்கணும்னுதான் செஞ்சேன். பட்டறையில குடுக்கல, நானும் மாமாவும்தான் வாசல்ல வச்சுப் பாத்தம்."

அவள் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் மருதாணி. சிவப்புக்கு அடியில் கொட்டை உடைத்த கறுப்பு தெரிந்தது, தோலும் உரிந்திருந்தது.

"இந்தக் கையப் பாத்துட்டு ரெண்டு எடத்துல வேணாம்னுட்டாங்க. அதான் எங்கம்மா எனக்கு மருதாணி வச்சு வுட்டாங்க. உங்கக்கா உங்களுக்கு முழுக்கை சட்ட போட்டு வுட்டாங்க."

உள்ளே அவள் அம்மா சட்டென்று மறைந்துகொண்டது எனக்குத் தெரிந்தது. அப்பா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் சட்டைப் பொத்தானைக் கழற்றி, இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டான்.

"எனக்குச் சம்மதங்க," என்றான் அவளிடமே. "உங்களுக்கு?"

அவள் ஜன்னல் வழியாக வெளியே நின்ற சாம்பல் வண்டியைப் பார்த்தாள்.

"அதுக்கு என்னா கலரு அடிக்கலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டாள்.