மூன்றாம் கல்

மூஞ்சிக்கல் கடைத்தெருவில் சிசிடிவி கேமரா மாட்டித் தருகிற ஆக்னலுக்கு எல்லாவற்றுக்கும் யூகலிப்டஸ் தைலம்தான். தலைவலிக்கும் அதுதான், சிடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பசைக்கும் அதுதான். அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது. வில்பட்டி மலைச்சாமி கொண்டுவந்த, சிடி மாதிரியான பழைய தட்டின் மேல்பக்கம் பூஞ்சை படிந்திருக்கிறதே என்று தைலம் தொட்டுத் துடைத்தார். பூஞ்சையோடு விரல் அகலத்துக்கு வெள்ளிப் பூச்சும் பஞ்சில் வந்துவிட்டது. அடப்பாவி மனுஷா, கொஞ்சம் யோசிக்க வேண்டாமா!

மலைச்சாமிக்கு அந்தத் தட்டுதான் சாட்சி. அவருடைய கேரட் வயலுக்கு ஊற்றுத் தண்ணீர் வருகிற வாய்க்காலை ஒரு ரிசார்ட் வேலி போட்டு மறித்துவிட்டது. ரிசார்ட்டுக்கு இடத்தை விற்ற அவருடைய பங்காளி நல்லசாமி, அங்கே வாய்க்காலே இருந்ததில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் முப்பது வருஷத்துக்கு முன்பு மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவர், ஊரார் வாய்க்கால் வெட்டும் நாளைப் பதிவு செய்து, டி.வி.யில் படமும் குரலுமாக ஓடும் பாடத் தட்டாக்கியிருந்தார். அந்த வகைத் தட்டும் அதை ஓட்டும் பெட்டியும் எப்போதோ வழக்கொழிந்து போயின. கம்ப்யூட்டரில் போட்டால் தட்டு காலி என்றது. திங்கட்கிழமை வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை.

வெள்ளிக்கிழமைதான் ஒரு வழி தெரிந்தது. காசு கட்டி, வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் கொடுத்துவந்த தொழில்நுட்ப விவரத்தை, அந்த வகைத் தட்டை உருவாக்கிய கம்பெனி இப்போது இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தது. தட்டில் பதிந்த ஒவ்வொரு துண்டின் தலையிலும் இது படம், இது குரல் என்று குறி இருக்குமாம். ஆக்னல் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. படம் எதுவும் தேறவில்லை. குரல் துண்டுகளைப் பொறுக்கிக் கோர்த்துவிட்டார்.

வருஷம் ஒரு தடவை வாய்க்காலைத் தூர் வெட்டும்போது ஒருவர் வாய்க்கால் ஓரத்து எல்லைக் கல்லை ஒவ்வொன்றாகக் கேட்பார், மற்றவர்கள் அது இருக்கும் இடத்தைச் சொல்வார்கள். மலைச்சாமியின் அப்பா கேட்பது கணீரென்று வந்தது. இரண்டு கல்லுக்குப் பதில் இருந்தது. மூன்றாவதுக்கு இல்லை, தைலம் பட்ட இடம். நல்லசாமி விற்ற நிலத்தில் இருப்பது அந்த மூன்றாம் கல்தான்.

"நம்ம ஆளுக நாலு பேரு சொல்றோம், அதை உள்ள சொருகிருங்க சார்" என்றார் மலைச்சாமி.

"தொடச்சுக் கெடுத்தது நாந்தாண்ணே. அதை அங்கேயும் சொல்லிர்றேன். இல்லாததைச் சொருக மாட்டேன்."

மலைச்சாமி அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிப் போனார்.

விசாரணையில் ஆக்னல் தன் தப்பைச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பீக்கரைப் போட்டார். நல்லசாமி, தனக்கென்ன என்று ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"முதக் கல்லு?"

"ஊத்தடி."

"ரெண்டாங் கல்லு?"

"பேரிக்கா மரத்தடி."

"மூணாங் கல்லு?"

ஸ்பீக்கர் கரகரத்து அடங்கியது.

"ஆனப்பாறை" என்றார் நல்லசாமி.

சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் பதில் சொன்ன வாய், அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"அந்த ஆனப்பாறை எங்க இருக்கு, நல்லசாமி?"