உபதேசியார் சாவியோடு வரும்வரை

மே மாதம் பிறந்தால் ஆக்னஸ் தங்கையின் குடையை வாங்கி, கம்பிக்கு எண்ணெய் போட்டு, கிழிந்த இடத்தைத் தைத்துக் கொடுப்பாள். தங்கை அமலராணி கன்னியாஸ்திரி. விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டைத் தாண்டிப் போகிற சாலையில் அவளுடைய சபைக்குச் சின்னதாக ஒரு மடம் இருந்தது. கன்னியராகச் சேர விரும்பும் பெண்களை முதல் ஒரு வருடம் அங்கே வைத்துத்தான் பார்ப்பார்கள். ஊர் ஊராகப் போய் அந்தப் பெண்களைத் தேடுவது அமலராணியின் வேலை. சபையில் அதற்கு இறையழைத்தல் பணி என்று பெயர். ஊரில் அவளுக்குப் ‘புள்ள புடிக்கிற சிஸ்டர்’ என்று பெயர்.

அதைக் கேட்டால் ஆக்னஸுக்கு உடம்பு பற்றி எரியும். அமலராணி சிரித்துக்கொள்வாள். “கெடைச்சாதானக்கா புடிக்கிறதுக்கு” என்பாள்.

நாலு பேர் எதிரில் ஆக்னஸ் தங்கையை ‘சிஸ்டர், வாங்க’ என்றுதான் சொல்வாள். தங்கை துறவறத்துக்கு முதல் வார்த்தைப்பாடு கொடுத்த அன்றைக்கே அம்மா அப்படிச் சட்டம் போட்டுவிட்டாள். யாரும் இல்லாதபோதுதான் அவள் ராணி.

ஆக்னஸ் எட்டாவதோடு நின்றவள். பொம்மைக் கம்பெனியில் அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஒட்டுக்கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைப்பது அவள் வேலை. அவள் துடைத்த மாதாவின் முகத்தில் கோடு இருக்கிறது என்று இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. கூட வேலை செய்யும் பெண்களிடம் அவள் அதைக்கூட அதிகம் சொல்வதில்லை. தங்கையைப் பற்றித்தான் சொல்வாள். திட்டக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தது, வெள்ளம் வந்த வருடம் சேத்தியாத்தோப்பில் ஜனங்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியது, இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட வீட்டுக்கென்று எதுவும் கேட்காதது.

எல்லாவற்றையும்விட அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது ஒரு பழைய சாயங்காலத்தை. அமலராணிக்கு அப்போது பதினேழு வயது. மடத்திலிருந்து வயதான சிஸ்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “நீ எதுக்கும்மா மடத்துக்கு வரணும்னு நெனைக்கிற?” என்று கேட்டார். ஆக்னஸ் காபி டம்ளரோடு கதவோரம் நின்றிருந்தாள். தங்கை தலையைக் குனிந்தபடி சொன்னாள்:

“சாயந்தரம் கோயில்ல போயி உட்காந்தேன்னா, பூட்டுறதுக்கு உபதேசியார் சாவிய எடுத்துக்கிட்டு வந்து நிக்கிற வரைக்கும் எழுந்திரிக்க மனசு வர்றதில்ல சிஸ்டர்.”

அந்த சிஸ்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பா மட்டும் வெளியே போய்க் கிணற்றடியில் வெகுநேரம் நின்றார். ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்தவளிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை எப்படி வந்தது என்று ஆக்னஸுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தங்கையைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமையெல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது.

இந்தப் பணிக்கு அமலராணி வந்த புதிதில் வருடத்துக்கு மூன்று நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். பிறகு ஒன்று, இரண்டு. போன இரண்டு வருடமாக யாரும் இல்லை. மாடி அறையில் கட்டில்களைப் பழைய போர்வை போட்டு மூடி வைத்திருந்தார்கள். இந்த ஜூனிலும் யாரும் வராவிட்டால் மடத்தை மூடிவிடலாம் என்று சபைத் தலைவியான மதர் சொல்லிவிட்டார். மூடினால் அமலராணி வடக்கே போக வேண்டும். ரயிலில் இரண்டு நாள் தூரம். நடக்க முடியாத வயதான சிஸ்டர்களைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் தேவை.

ஆக்னஸின் புருஷன் இறந்து பல வருடம் ஆகிறது. மகன் ஒரகடத்தில் வேலை செய்கிறான், கிறிஸ்துமஸுக்கு வருவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமலராணி வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் என்று இருந்தது.

அதனால் அந்த மே மாதம் அவளும் லீவு போட்டுவிட்டுத் தங்கையோடு கிளம்பினாள். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வீட்டு வாசலில் இளவட்டப் பெண்ணின் செருப்பு கிடந்தது. அம்மாக்காரி கதவைப் பாதி திறந்து, “தோத்திரம் சிஸ்டர். பொண்ணு அவ அத்தை வூட்டுக்குப் போயிருக்குது” என்றாள்.

“செருப்பு போடாமலா போயிருக்குது?” என்று ஆக்னஸ் கேட்டாள்.

அமலராணி அவள் கையை லேசாக அழுத்தினாள். “பரவால்லம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க, போதும்.”

அடுத்த வீட்டில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து நன்றாகத்தான் பேசினார். “வூட்டுக்கு ஒண்ணே ஒண்ணு சிஸ்டர். அதையும் உங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டா நாளைக்கு எங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துறது? எங்கப்பனுக்கு ஏழு. நான் அஞ்சாவது. அப்ப வந்திருந்தா என்னையே குடுத்திருப்பாரு.”

“உங்கள வெச்சிக்கிட்டு மடத்துல என்ன பண்றதுங்க” என்றாள் அமலராணி. அவர் சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தாள். எழுந்து வரும்போது வெள்ளரிக்காய் கொடுத்தார்கள். பெண்ணைக் கூப்பிடவில்லை.

பஸ்ஸுக்காக வெயிலில் நிற்கும்போது, “நாளைக்கு வேற ஊரு பாக்கலாங்கா” என்றாள் அமலராணி. குடைக்குள் அவள் முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. அதைப் பார்த்த பிறகு ஆக்னஸுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து இடம் அமிர்தத்தினுடையது. அவளும் கிறிஸ்தவள்தான். அவள் மகள் அமுதவள்ளி பிளஸ் டூ முடித்துவிட்டு, லீவில் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்க வந்துகொண்டிருந்தாள். அதிர்ந்து பேசாத பெண். நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. மார்க் போதவில்லை, தனியாரில் சேர்க்க வழியும் இல்லை.

“மடத்துல சேந்தா நர்ஸு படிக்க வெப்பாங்கல்ல?” என்று ஒரு நாள் அமிர்தம் பஞ்சைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

படிக்க வைத்தாலும் வைப்பார்கள், வைக்காமலும் போவார்கள் என்பது ஆக்னஸுக்குத் தெரியும். முதலில் பல வருடம் பயிற்சி. பிறகு சபை எதைச் சொல்கிறதோ அது. அவள் கையில் இருந்த பொம்மையின் கழுத்துக் கோட்டைச் சீவி முடித்தாள்.

“ஏன் வெக்க மாட்டாங்க? எங்க சிஸ்டர் சொன்னா அங்க மறு பேச்சு கெடையாது” என்றாள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சாப்பாட்டு நேரத்தில் அமுதவள்ளியை அச்சுகள் காயப்போட்ட கொட்டகைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

“சிஸ்டர் வேற எத கேட்டாலும் உனக்குத் தெரிஞ்சத சொல்லு. எதுக்கு வரேன்னு கேப்பாங்க பாரு, அதுக்கு மட்டும் நான் சொல்றத சொல்லு.” தன்னிடம் இருந்ததிலேயே நல்ல வார்த்தையை எடுத்து அவளுக்குக் கொடுத்தாள்.

“இது யாரு சொன்னது பெரியம்மா?”

“யாரு சொன்னா உனக்கென்ன. சொல்லிப் பாரு. அவ்வளவு வேகமா வேணாம். தலைய கொஞ்சம் குனிஞ்சிக்க.”

ஞாயிற்றுக்கிழமை அமிர்தமும் மகளும் மடத்துக்கு வந்தார்கள். ஆக்னஸும் கூடவே போனாள். அமலராணி அவர்களைப் பார்வையாளர் அறையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, படிப்பைப் பற்றி, தம்பியைப் பற்றி, வயல் வேலையைப் பற்றிப் பேசினாள். அவள் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு தெளிவு வந்திருந்தது. கடைசியில், “நீ எதுக்கும்மா மடத்துக்கு வரணும்னு நெனைக்கிற?” என்று கேட்டாள்.

அமுதவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். “சாயந்தரம் கோயில்ல போயி உட்காந்தேன்னா, பூட்டுறதுக்கு உபதேசியார் சாவிய எடுத்துக்கிட்டு வந்து நிக்கிற வரைக்கும் எழுந்திரிக்க மனசு வர்றதில்ல சிஸ்டர்.”

ஒரு சொல் தவறவில்லை. அமலராணி அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. ஆக்னஸைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. தன் பெட்டியைத் தனக்குத் தெரியாமல் யாரோ திறந்ததைக் கண்டவள் போலப் பார்த்தாள். பிறகு பெண்ணிடம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

“உங்க ஊரு கோயில்ல இப்ப உபதேசியார் யாரும்மா?”

அமுதவள்ளி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் ஊரில் இருந்தது ஒரு சிற்றாலயம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் செத்து எத்தனையோ வருடம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பங்குச்சாமியார் வரும்போது மட்டும் திறப்பார்கள். இது அமலராணிக்கும் தெரியும்.

அவள் அந்தப் பெண்ணைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். ஜன்னல் வழியாக, கொய்யா மரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பெண் அழுதாள், பேசினாள், மறுபடி அழுதாள். திரும்பி வந்தபோது அமலராணி அவள் தோளில் கை போட்டிருந்தாள்.

“பாப்பாவுக்கு நர்ஸு படிக்கத்தாங்க ஆசை. அதுல ஒரு தப்பும் இல்ல” என்று அமிர்தத்திடம் சொன்னாள். “இங்க வந்தா என்ன படிக்க வெப்பாங்கன்னு என் கையில இல்லங்க. அடுப்படிக்கு அனுப்பினாலும் சந்தோஷமா போவணும். அதுக்குன்னு வர்றவங்களாலதான் இங்க நிக்க முடியும். படிப்புக்கு எனக்குத் தெரிஞ்ச எடத்துல கேட்டுப் பாக்குறேன். கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்.”

“அப்ப உங்க அக்கா சொன்னது?” என்றாள் அமிர்தம்.

அமிர்தம் எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, ஆக்னஸிடம் முகத்தைக் காட்டாமலே சொன்னாள்: “உங்க தங்கச்சிய இங்கயே நிறுத்திக்க எம் பொண்ணுதான் கெடைச்சாளா உங்களுக்கு?”

அவர்கள் போனபின் அமலராணி அடுப்படியில் டம்ளர்களைக் கழுவினாள். ஆக்னஸ் பின்னால் போய் நின்றாள்.

“அன்னிக்கு கதவாண்ட நீதான நின்ன” என்றாள் அமலராணி, திரும்பாமல்.

“ஒரு பொண்ணு வந்தா இந்த வூடு நிக்கும்னுதான் ராணி. ஒரு வருஷம் இருக்கட்டுமே. புடிக்கலன்னா போவுது.”

“போனா? நான் கூட்டியாந்ததுல எத்தன பொண்ணுங்க திரும்பிப் போயிருக்குதுங்க. மடத்துலேர்ந்து திரும்பி வந்தவன்னு ஊரு பேரு வெக்குது. பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட அதத்தான் மொதல்ல சொல்றாங்க. அந்த வூட்டு வாசல்ல எல்லாம் போயி நின்னது நானுக்கா. நீ இல்ல.”

“நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?”

அமலராணி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆக்னஸ் கேட்டாள். “இப்பவும் உனக்கு அப்பிடித்தான் இருக்குதா? எழுந்து வர மனசு வராம?”

“சில நாளு இருக்குது” என்றாள் அமலராணி. “நெறைய நாளு, சாவி சத்தம் எப்ப கேக்கும்னுதான் இருக்குது. ஆனா உட்காந்துதான் இருக்கேன்.”

ஜூனில் மடத்தை மூடினார்கள். கட்டில்களை ஒரு சின்ன லாரி வந்து ஏற்றிப் போனது. ஜங்ஷனில் ரயில் ஏறும்போது அமலராணி குடையை ஆக்னஸிடமே கொடுத்துவிட்டாள். “அங்க வூடு வூடா போவுற வேல இல்ல. போயிட்டு வரேன்கா.” நடைமேடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆக்னஸ் “போயிட்டு வாங்க சிஸ்டர்” என்றாள்.

அமலராணி கேட்டுப் பார்த்த இடங்களில் ஒன்றும் அமையவில்லை. அமுதவள்ளி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே விடுதியில் இருக்கிறாள். அமிர்தம் கம்பெனியில் இடம் மாற்றிக் கேட்டு, சூளைப் பக்கம் போய்விட்டாள். எதிரில் வந்தாலும் பேசுவதில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் பங்குக் கோயிலில் இறையழைத்தலுக்காக ஒரு செபம் உண்டு. முன்பு அமலராணி சொல்வாள். இப்போது ஆக்னஸ் சொல்கிறாள். எங்கள் குடும்பங்களிலிருந்து உமது பணிக்குப் பிள்ளைகளை அழைத்தருளும் என்ற இடம் வரும்போது அவள் குரல் இறங்கிவிடும். கூட நிற்கிற இரண்டு மூன்று பெண்கள் ஆமென் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்புவார்கள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அவள் மட்டும் போகாமல் உட்கார்ந்து பார்த்தாள். தங்கை எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்துப் பெண்கள் பக்கத்துத் தூணோரம் உட்கார்ந்தாள். வௌவால் ஒன்று பீடத்துக்கு மேல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு இருட்டில் போய் ஒட்டிக்கொண்டது. கொசு கடித்தது. எதுவும் வரவில்லை. கண்ணை மூடினால், கொட்டகையில் தலையைக் குனிந்து சொல்லிப் பார்த்த அமுதவள்ளியின் முகம்தான் வந்தது. திறந்தாலும் அதுதான் இருந்தது. அவளுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னாள். ராணிக்காக ஒன்று சொன்னாள்.

பின்பக்கம் சாவிக்கொத்து குலுங்கியது. உபதேசியார் கதவோரம் வந்து நின்று, அவசரமில்லை என்பது போலத் தொண்டையைச் செருமினார்.

ஆக்னஸ் உடனே எழப் பார்த்தாள். எழுந்திரிக்க அவளுக்கு மனசு வந்தது. மரத்துப்போன முட்டிதான் வரவில்லை. தூணைப் பிடித்து நிமிர்ந்து, குடையை எடுத்துக்கொண்டு, “பூட்டிக்குங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.