மெர்சியின் மூன்றாம் அத்தியாயம்

கணபதி வட்டாரத்தில் லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே வாடகை வீடு, ஊருக்கு வெளியே பொறியியல் கல்லூரியில் ஆசிரியை வேலை, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. இப்படியே மெர்சிக்கு நாற்பது வயதாகிவிட்டது. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போனவர்களின் மகள். குடும்பத்தில் முதல் டாக்டர் பட்டம் அவள் வாங்கப்போவதுதான் என்று சொந்தபந்தமெல்லாம் சொல்லித் திரிந்தது. பட்டம் வாங்காவிட்டால் அடுத்த வருடம் வேலையும் இல்லை என்று கல்லூரி சொல்லிவிட்டது.

அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செல்போன் டவர்கள். ஒவ்வொன்றிலும் பல ஆன்டெனாக்கள். ஒரு டவர் தன் போனுக்கு அனுப்புவது மற்ற டவரின் போனில் இரைச்சலாக விழும். காற்றில் பாதை எப்படி இருக்கிறது என்று போன்கள் சொன்னால், இரைச்சலை ஒதுக்கி அனுப்பலாம். ஆனால் அந்தச் சேதி டவருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதை மாறிவிடுகிறது. பழசாகிப்போன சேதியை வைத்தும், முன்பு இரைச்சலாக விழுந்ததையே டவர் மறுபடி உருவாக்கி அனுப்பி, அடுத்த முறை உதவியாக மாற்றலாம். அப்படி, இரைச்சலில் இழந்த செய்திக் கொள்ளளவில் எவ்வளவை மீட்கலாம் என்பதுதான் கேள்வி. நிறைய மீட்கலாம் என்று மூன்றாம் அத்தியாயத்தில் நிரூபித்தாள். மற்ற அத்தியாயங்களையெல்லாம் அதன் மேல்தான் எழுப்பினாள்.

வழிகாட்டி சீனிவாசலு தங்கமான மனிதர். யார் மனமும் கோணப் பேசமாட்டார். அந்த அத்தியாயத்தைக் கொடுத்தபோது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மெர்சியும் ஞாபகப்படுத்தவில்லை. பெரியவரை நச்சரிப்பது மரியாதையா? பார்க்கும்போதெல்லாம் அவள் அவர் உடம்பை விசாரித்தாள். அவர் அவள் குழந்தைகளை விசாரித்தார். நம்ம பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது ஆளை அலுங்காமல் குழியில் இறக்கிவிடும்.

ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி மாதம் வந்தது. வாங்கக்கூடிய நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்ந்திருந்தது. கையெழுத்துக்காக ஆர்.எஸ்.புரத்தில் அவர் வீட்டுக்குப் போனாள். காப்பி வந்தது. அவர் மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்து முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். இரண்டு டவர்களின் செய்தியும் கலந்து போனில் விழுந்ததை, ஒரே டவர் மறுபடி உருவாக்கி அனுப்புவதாக அவள் எழுதியிருக்கிறாள். ஒரு டவருக்கு மற்றதன் செய்தி எப்படித் தெரியும்?

மெர்சி அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். அவர் சொல்வது சரி. அந்த நிரூபணம் விழுந்தால் மற்ற அத்தியாயங்களும் விழும்.

"இது உங்களுக்கு எப்பங்க சார் தெரிஞ்சுது?"

"நீங்க குடுத்த வாரமே பாத்துட்டனுங்க அம்மணி. அப்பத்தான் உங்கப்பா தவறியிருந்தாரு. மனசு நோகுமேன்னு உட்டுப்போட்டேன். நீங்களே கண்டுபுடிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

எழுதிய பழசை வைத்தே திருத்திக்கொள்ளலாம் என்று ஆறுதலும் சொன்னார். தாமதமாக வந்த சேதிக்கும் பயன் உண்டு என்று மெர்சிக்குத் தெரியாதா? ஆனால் அதற்கு, திரும்ப அனுப்ப நேரம் மிச்சம் இருக்க வேண்டும். அவளுக்கு இல்லை. அந்த நல்ல மனிதர் மேல் ஆத்திரம் வந்தது. என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்களே என்று கத்த வேண்டும் போலிருந்தது.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையெழுத்து கேட்காமலே எழுந்தாள். "ரொம்ப நன்றிங்க சார். போயிட்டு வாரனுங்க" என்றாள்.