ஆட்டுக் காதும் அக்காவின் மருவும்

முதலில் என் கண்ணில் பட்டது ஆட்டுக் காதுதான். காலையில் கைபேசிக்கு வந்த அஞ்சலிப் படத்தில், ராஜாமணி அக்காவின் தோளோரம் செம்பழுப்பாக ஒரு காது நுனி நீட்டிக்கொண்டிருந்தது. படத்திலிருந்து ஆட்டை வெட்டியெடுத்தவர்கள் காதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அக்கா போய்விட்டார்.

மறுபடி பார்த்தபோது முகம் சரியில்லை என்று தெரிந்தது. மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. மூக்கோரத்து மருவைக் காணோம். கருமாதிக்குக் கட்டும் பேனரிலும் இந்தப் படம்தான் என்றார்கள். அக்காவை அப்படி வைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அக்காவிடம் ஆடு வாங்கிய உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மேச்சேரியில் அவருடைய ஆட்டுப்பட்டிக்கு வேலைக்கு வந்தவள் நான். ஆடுகளைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பியதும் நான்தான்.

முதலில் கைபேசியில்தான் எடுத்தேன். அது எல்லா ஆட்டையும் செக்கச்செவேலென்று காட்டும். எருமப்பட்டியிலிருந்து வண்டி பிடித்து வந்த ஒருவர், பட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, படத்துல இருந்த ஆடு எங்கீங்க?" என்றார். "அதாங்க இது" என்றார் அக்கா. "அது மாப்பிள்ளைங்க, இது மாமனாருங்க" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று சாப்பிடவில்லை. "அவரு ஆட்டை வேண்டாம்னு போவல சாமி, என்னைய வேண்டாம்னு போறாரு" என்றார்.

அந்த வாரமே சேலத்தில் கொண்டுபோய் விட ஆடு ஏற்றினோம். சூரமங்கலத்தில் ஒரு கேமரா கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு கிடாயை மட்டும் கயிற்றோடு இறக்கினார் அக்கா.

"இதெதுக்குக்கா?"

"பொண்ணு பாக்கப் போறப்ப மாப்பிள்ளை இல்லாம போவாங்களா? வா."

கடைக்காரர் கிடாயைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துவிட்டார். ஆனாலும் நல்லவர், நாற்காலி போட்டார். ஒவ்வொரு கேமராவாக எடுத்து வைத்தார். அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது அழகு பண்ணுங்களா?"

"சூப்பரா பண்ணும்க்கா. மூஞ்சி பளபளன்னு வரும்."

"அப்ப வேண்டாமுங்க. அடுத்தது?"

அடுத்ததுக்கும் அதே கேள்வி, அதே பதில். அவர் தன் சரக்கைப் புகழப் புகழ அக்கா தள்ளி வைத்துக்கொண்டே போனார். ஐந்தாறு ஆனதும் கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. அழகு பண்ணுவதை அணைத்து வைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை. அக்கா கிளம்ப எழுந்ததும், தரையைப் பார்த்தபடி, "அதை ஆஃப் பண்ணிக்கலாம்க்கா" என்றேன்.

"இதை இத்தனை நேரம் சொல்லாம கெடாயோட சேந்து நீயும் அசை போட்டுட்டு இருந்தயா?" என்றார் அக்கா. கடைக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

கைக்கு அடக்கமான ஒன்றை எடுத்து, அழகு பண்ணுவதை அணைத்துவிட்டு, வாசலில் வைத்துப் படமெடுத்தேன். கிடாயை மட்டும்தான் எடுக்கச் சொன்னார். அதன் தாடையைப் பிடித்திருந்த அக்காவும் உள்ளே வந்துவிட்டார். சின்னத் திரையை மூக்கருகே வைத்துப் பார்த்தார். கிடாயின் விலாவில் வெளுத்திருந்த மயிர் தெரிந்தது. மருவும் தெரிந்தது.

"கெடாயும் அப்பிடியே இருக்குது, நானும் அப்பிடியே இருக்கறேன். இதையே குடுங்க."

அதோடு முடியவில்லை. ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். அக்கா தோள் துண்டை எடுத்துக் கடைக்காரர் கைமேல் போட்டு, விரலைத் தேடினார். அக்கா வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்து, கடைக்காரர் முழுக் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

அக்கா கையை உதறினார். "ஏனுங்க, நான் கொறைச்சுக் கேட்டா நீங்க அஞ்சு விரலையும் புடிச்சு ஏத்தறீங்க?"

விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கிடாய் மிரண்டு கயிற்றை இழுத்தது. விலை குறையவில்லை. கேமராவுக்கு ஒரு பை சும்மா கொடுத்தார்.

அதன் பிறகு உங்களுக்கு வந்த படங்களில் கிழிந்த காதும் நொண்டும் காலும்தான் முதலில் இருந்திருக்கும். "கொறையை நாமளே காட்டிரோணும். அவங்களா கண்டுபுடிச்சா அது பொய்யாயிரும்" என்பார். எருமப்பட்டிக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை வண்டி நிறைய ஏற்றிப் போனார்.

அக்காவின் வீட்டுக்காரரிடம் அஞ்சலிப் படத்தைக் காட்டினேன். "செவப்பா நல்லாத்தான இருக்குது கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஆனா இது யாரோ மாதிரிதான் இருக்குது" என்றார்.

கேமரா என்னிடம்தான் இருக்கிறது. கடை வாசலில் எடுத்த படமும் அதில் அழியாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பேனர் அடிக்கும் கடைக்குப் போனேன். "அண்ணா, இதைப் போடுங்க. மூஞ்சியில எதையும் தொடாதீங்க. கெடாயையும் வெட்டாதீங்க" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.